சடங்கு என்னும் திரை: ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் முதற்பருவத்தில் காண்டலும் காணாமையும்

ஆய்வுச்சுருக்கம்

சடங்குமுறையில் கொலை செய்பவனைத் துரத்தும் புனைவுகளில், சடங்கு பெரும்பாலும் குற்றவாளியை அடையாளங்காட்டும் குறியீட்டு மொழியாகவே அமைகிறது. அம்மொழியை வாசிக்கத் தெரிந்த புலனாய்வாளன் குற்றவாளியை அடைகிறான். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் முதற்பருவம் இவ்வழக்கத்திலிருந்து விலகுகிறது. அதில் சடங்குக் குறிகள் குற்றவாளியைக் காட்டுவதில்லை, மறைக்கின்றன. விந்தையானதன்மீது பார்வை பதிந்திருக்கும்போது, அன்றாடத்தில் கண்முன் நிற்கும் குற்றமும் அதனைக் காக்கும் நிறுவனங்களும் காணப்படாமல் போகின்றன. புலனாய்வாளர் இருவரின் தனிவாழ்வுக் குறைகளும் இக்காணாமையின் வடிவங்களே என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

குறிச்சொற்கள்: துப்பறிபுனைவு, சடங்குக்கொலை, புலனாய்வாளர், சாட்சியம், முதற்பொருள், லூசியானா.

1. முன்னுரை

துப்பறிபுனைவின் தொடக்கமாக எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட ‘ரூ மோர்க் கொலைகள்’ என்னும் சிறுகதையைச் சுட்டுவது மரபு. அக்கதையின் துப்பறிவாளன் குற்றம் நிகழ்ந்த உலகிற்கு வெளியே நிற்பவன். அறிவே அவன் கருவி. குற்றம் அவனுக்கு ஒரு புதிர். 1966இல் துப்பறிபுனைவின் வகைமைகளை ஆராய்ந்த த்ஸ்வெதான் தொதோரோவ், இவ்வகைப் புனைவு இரண்டு கதைகளைத் தன்னுள் கொண்டது என விளக்கினார். முதலாவது குற்றத்தின் கதை; அது நூல் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. இரண்டாவது விசாரணையின் கதை. அதில் துப்பறிவாளனுக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. இத்தீங்கின்மையே தொன்மைத் துப்பறிபுனைவின் எழுதப்படாத விதி என்பது அவர் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் டாஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர் போன்றோர் இவ்விதியைத் தளர்த்தினர். அவர்களுடைய துப்பறிவாளர்கள் அடிபடுகின்றனர், ஏமாற்றப்படுகின்றனர், தாம் விசாரிக்கும் உலகின் அழுக்கில் தாமும் தோய்கின்றனர். மனக்காயமுற்ற புலனாய்வாளன் என்னும் கதைமாந்தர் வகைக்கு இதுவே முன்வடிவம். இன்றைய திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இவ்வகை மாந்தர் வாய்பாடாகவே ஆகிவிட்டனர். குடிப்பழக்கம், முறிந்த திருமணம், இறந்த குழந்தை ஆகியவை புலனாய்வாளனுக்கு ஆழம் சேர்க்கும் அணிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் அவனுடைய குறைக்கும் அவன் ஆராயும் குற்றத்திற்கும் இடையே அறிவுசார்ந்த உறவு ஏதும் பல படைப்புகளில் இருப்பதில்லை.

அத்தகைய உறவை ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதற்பருவம் கட்டமைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். புலனாய்வாளர் எதைக் காண்கின்றனர், எதைக் காண மறுக்கின்றனர், காணாததை எவ்வாறு சாட்சியமாக மாற்றுகின்றனர் என்னும் மூன்று வினாக்களின்வழி இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. ஒப்பீட்டிற்காக டேவிட் ஃபிஞ்சர் இயக்கத்தில் 1995இல் வெளிவந்த ‘செவன்’ திரைப்படம் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. தொடரின் அமைப்பு

‘ட்ரூ டிடெக்டிவ்’ முதற்பருவம் 2014 சனவரி 12 முதல் மார்ச் 9 வரை எட்டு அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. எட்டையும் எழுதியவர் நிக் பிஸ்ஸோலாட்டோ. எட்டையும் இயக்கியவர் கேரி ஜோஜி ஃபுக்குனாகா. பிஸ்ஸோலாட்டோ லூசியானாவில் பிறந்து வளர்ந்தவர், புதின ஆசிரியர், பல்கலைக்கழகங்களில் இலக்கியம் கற்பித்தவர். ஒரே எழுத்தாளரும் ஒரே இயக்குநரும் முழுப்பருவத்தையும் உருவாக்கியது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அக்காலத்தில் அரிதாகக் காணப்பட்ட முறை. எட்டு அத்தியாயங்களையும் ஒரே படைப்பாகக் கொண்டு ஆராய இது இடந்தருகிறது.

கதை மூன்று காலங்களில் நிகழ்கிறது. 1995 சனவரி 3 அன்று லூசியானாவின் ஈராத் என்னும் ஊருக்கருகே, எரிக்கப்பட்ட கரும்பு வயலில் நிற்கும் தனிமரத்தடியில் டோரா லாங்கே என்னும் பெண்ணின் உடல் கண்டெடுக்கப்படுகிறது. அவள் மண்டியிட்டு வேண்டும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறாள். கண்கள் கட்டப்பட்டுள்ளன, தலையில் மான்கொம்பு முடி, முதுகில் சுருள் குறி, அருகே சுள்ளிகளால் பின்னிய கூம்பு வடிவங்கள். மாநிலக் காவல்துறையின் ரஸ்ட் கோல், மார்ட்டி ஹார்ட் ஆகியோர் வழக்கை ஏற்கின்றனர். அதே ஆண்டில் ரெஜி லெடூ என்பவன் கொல்லப்பட, வழக்கு முடிந்ததாகக் கருதப்படுகிறது. 2002இல் உண்மைக் கொலையாளி பிடிபடவில்லை என்னும் ஐயம் எழுகிறது. அதே ஆண்டில் இருவரின் நட்பும் முறிகிறது. 2012இல் மீண்டும் அதேமுறையில் ஒரு கொலை நிகழ, கில்பௌ, பப்பானியா என்னும் வேறு இரு காவலர்கள் ரஸ்டையும் மார்ட்டியையும் தனித்தனியே அமர்த்தி விசாரிக்கின்றனர். முதல் ஆறு அத்தியாயங்களில் கடந்தகால நிகழ்வுகள் பெரும்பாலும் இவ்விசாரணையின் ஊடாகவே பார்வையாளருக்குக் கிடைக்கின்றன.

3. வாசிக்கத்தக்க சடங்கும் வாசிக்கவியலாச் சடங்கும்

‘செவன்’ திரைப்படத்தில் கொலையாளி ஏழு பெரும்பாவங்களை முன்வைத்துக் கொலை செய்கிறான். ஒவ்வொரு கொலைக்களத்திலும் பாவத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. முதிய புலனாய்வாளர் சோமர்செட் இரவில் நூலகத்திற்குச் சென்று தாந்தே, சாசர், மில்டன் ஆகியோரின் படைப்புகளைத் தேடுகிறார். கொலையாளியின் இருப்பிடம் தெரியவருவதும் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துச் சென்றோரின் பட்டியல்வழியே ஆகும். அதாவது, கொலையாளி வாசித்த நூல்களை வாசிப்பவன் அவனை அடைகிறான். இங்குச் சடங்கு ஒரு பனுவல். புலனாய்வு ஒரு வாசிப்பு. ஏழாவது பாவத்தை இளைய புலனாய்வாளன் மில்ஸின் கையாலேயே கொலையாளி நிறைவேற்றச் செய்வதால், பனுவல் எஞ்சாமல் முற்றுப்பெறுகிறது.

‘ட்ரூ டிடெக்டிவ்’ இதே வாக்குறுதியைத் தந்து, அதனை நிறைவேற்றாமல் விடுகிறது. டோரா லாங்கேயின் குறிப்பேட்டில் ‘மஞ்சள் மன்னன்’, ‘கார்கோசா’ என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. கார்கோசா என்னும் நகரப்பெயரை அம்ப்ரோஸ் பியர்ஸ் 1886இல் ஒரு சிறுகதையில் படைத்தார். ராபர்ட் டபிள்யூ. சேம்பர்ஸ் 1895இல் வெளியிட்ட ‘மஞ்சளுடை மன்னன்’ என்னும் தொகுப்பில் அப்பெயரை எடுத்தாண்டார். அத்தொகுப்பின் சில கதைகளில், வாசிப்போரைப் பித்தராக்கும் ஒரு நாடகநூல் இடம்பெறுகிறது. இவ்விலக்கியத் தொடர்பைக் கண்டறிந்த பார்வையாளர் பலர், இதுவே புதிரின் திறவுகோல் என எதிர்பார்த்தனர்.

ஆனால் கதையுலகில் எந்தப் புலனாய்வாளனும் இந்நூல்களைத் திறப்பதில்லை. சுருள் குறியின் பொருள், சுள்ளிக் கூம்புகளின் தோற்றம், மன்னன் யார் என்னும் வினா ஆகிய எவையும் இறுதிவரை விளக்கப்படவில்லை. சடங்குப் பொருள்களைப் படமெடுத்தும் வரைந்தும் ஏறத்தாழ 17 ஆண்டுகள் அலைந்த ரஸ்ட், அவற்றின்வழி எரால் சில்ட்ரெஸ் என்னும் கொலையாளியை அடையவில்லை. அவனைக் காட்டிக்கொடுப்பது வீட்டுச் சுவரின் பச்சை வண்ணம். தன்னைத் துரத்தியவனின் காதுகள் பச்சையாக இருந்தன என ஒரு சிறுமி 1995இல் கூறியிருந்தாள். அதே காலத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படமொன்றில் புதிதாகப் பச்சை வண்ணம் பூசிய வீட்டை மார்ட்டி கவனிக்கிறான். வண்ணம் பூசியவர் யார் என்னும் எளிய வினா, பழைய கணக்குப் பதிவுகளின்வழி சில்ட்ரெஸ் குடும்பத்தின் பராமரிப்புத் தொழிலுக்கு இட்டுச்செல்கிறது.

‘செவன்’ படத்தில் நூலகப் பட்டியல் செய்யும் பணியை இங்கு வண்ணம் பூசிய கணக்கு செய்கிறது. முன்னதில் கொலையாளியின் கற்பனை அவனைக் காட்டுகிறது. பின்னதில் அவனுடைய அன்றாட உழைப்பு காட்டுகிறது. எரால் மூன்றாம் அத்தியாயத்திலேயே தோன்றிவிடுகிறான். மூடப்பட்ட பள்ளியொன்றின் முற்றத்தில் புல்வெட்டும் வேலையாளாக ரஸ்டுடன் பேசுகிறான். ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், வழி தவறிய கில்பௌவுக்கும் பப்பானியாவுக்கும் அவனே வழி சொல்கிறான். மான்கொம்பு முடி சூட்டிய கொடியவனைத் தேடும் கண்களுக்குப் புல்வெட்டுபவன் தென்படுவதில்லை. சடங்கு திரையாகச் செயல்படும் முதல் நிலை இது.

4. சடங்கு பற்றிய அச்சம்: வரலாற்றுப் பின்புலம்

கதையின் தொடக்க ஆண்டாக 1995 அமைந்தது பொருளுடையது. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் ‘சாத்தானியப் பீதி’ எனப் பின்னாளில் பெயரிடப்பட்ட அச்ச அலை பரவியது. சாத்தானை வழிபடும் மறைகுழுக்கள் குழந்தைகளைச் சடங்குகளில் வதைக்கின்றன என்னும் நம்பிக்கையே அதன் மையம். கலிஃபோர்னியாவில் 1983இல் தொடங்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. அத்தகைய மறைகுழுக்களின் ஒருங்கிணைந்த வலைப்பின்னல் உண்டென்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என எஃப்.பி.ஐ. அமைப்பைச் சேர்ந்த கென்னத் லானிங் 1992இல் வெளியிட்ட அறிக்கையில் எழுதினார்.

இவ்வச்சத்தின் விலையை லூசியானாவின் அண்டை மாநிலமான ஆர்கன்சாவில் நிகழ்ந்த வெஸ்ட் மெம்பிஸ் வழக்கு உணர்த்துகிறது. 1993 மே மாதம் எட்டு வயதுச் சிறுவர் மூவர் அங்குக் கொல்லப்பட்டனர். பதின்பருவத்தினர் மூவர் 1994இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டு, ஒருவருக்கு மரணதண்டனையும் இருவருக்கு வாழ்நாள் சிறையும் விதிக்கப்பட்டன. கறுப்பு உடை, இரைச்சலிசை, மாந்திரீக நூல்களில் ஆர்வம் ஆகியவை அவர்களுக்கு எதிரான வாதங்களில் இடம்பெற்றன. ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பின்னர், 2011 ஆகஸ்ட் மாதம், தம் குற்றமின்மையை வலியுறுத்திக்கொண்டே குற்ற ஒப்புதல் அளிக்கும் சிறப்புச் சட்ட ஏற்பாட்டின்கீழ் மூவரும் விடுதலை பெற்றனர். கொலைக்களத்தில் சடங்கைக் கண்டவர்கள், சடங்கிற்குப் பொருத்தமானவர் எனத் தாம் கருதியோரைக் குற்றவாளிகளாக்கினர் என்பதே இவ்வழக்குத் தரும் படிப்பினை.

இப்பின்புலத்தில் தொடரின் ஒரு கதைக்கூறு தெளிவு பெறுகிறது. டோரா லாங்கேயின் உடல் கிடைத்தவுடன், ஆளுநரின் உறவினரான பில்லி லீ டட்டில் என்னும் மதபோதகர் காவல்நிலையத்திற்கு வருகிறார். கிறித்தவ எதிர்ப்புக் குற்றங்களை விசாரிக்கத் தனிப்படை அமைக்கப்படுகிறது. அப்படை ரஸ்டிடமிருந்தும் மார்ட்டியிடமிருந்தும் வழக்கைப் பெற முயல்கிறது. குழந்தைகள் காணாமற்போன பள்ளிகளை நடத்தியது டட்டிலின் அறக்கட்டளையே என்பது பின்னர்த் தெரியவருகிறது. ஆகவே, சாத்தானைத் தேடுமாறு சொல்பவரே தேடப்பட வேண்டியவர். வெளியாரின் மதத்தில் சடங்கைக் காணும் சமூகம், தன் மதநிறுவனத்தின் பள்ளிக்கூடத்திற்குள் பார்ப்பதில்லை. சடங்கு திரையாகும் இரண்டாம் நிலை இது.

மேரி ஃபோன்டனோ என்னும் சிறுமியைப் பற்றிய கோப்பு இதற்கு வலுவான சான்று. அவள் காணாமற்போனதாக 1990இல் பதிவான புகார், தவறுதலாகப் பதியப்பட்டது என்னும் குறிப்புடன் மூடப்படுகிறது. அவ்வாறு செய்தவர் சில்ட்ரெஸ் என்னும் குடிப்பெயருடைய ஷெரீப். கொலையாளியின் குடிப்பெயர் முதல் அத்தியாயத்திலிருந்தே அரசாங்கக் கோப்பில் இருந்திருக்கிறது. ஆனால் சுள்ளிக் கூம்பு பார்வையை ஈர்த்த அளவிற்குக் கோப்பின் கையெழுத்து ஈர்க்கவில்லை.

5. புலனாய்வாளரின் குறை: காண்டலும் காணாமையும்

ரஸ்ட், மார்ட்டி ஆகிய இருவரும் முரண்பட்ட இயல்பினர். ரஸ்ட் தன் சிறுமகளை விபத்தில் இழந்தவன். அதன்பின் திருமணம் முறிந்து, போதைப்பொருள் கும்பல்களிடையே நெடுங்காலம் மறைவாகப் பணியாற்றியதால் நரம்பியல் பாதிப்புற்றவன். இல்லாதவற்றை அவன் கண்கள் காண்கின்றன; வானில் பறவைக்கூட்டம் சுருள் வடிவில் சூழ்வதைக் காண்கிறான். மனித உணர்வுநிலையே பரிணாமத்தின் பிழை என்பது அவன் கொள்கை. தாமஸ் லிகோட்டி 2010இல் வெளியிட்ட அவநம்பிக்கைவாத நூலின் தாக்கம் அவன் பேச்சில் உண்டு. மார்ட்டி குடும்பம், தேவாலயம், நண்பர்கள் என ஊரோடு ஒத்து வாழ்பவன். தன்னை இயல்பான மனிதன் எனக் கருதுபவன். மனைவிக்குத் துரோகம் செய்பவனும் அவனே.

இவ்விருவரின் குறைகளும் இருவேறு பார்வைக் குறைபாடுகள் எனக் கொள்ளத்தக்கவை. ரஸ்ட் மிகுதியாகக் காண்கிறான். எங்கும் வடிவங்களைக் காணும் அவனால் காட்சிக்கும் மயக்கத்திற்கும் இடையே எல்லை வகுக்க இயல்வதில்லை. எரால் எதிரே நின்று பேசும்போது, தொலைபேசி அழைப்பொன்று ரஸ்டை அங்கிருந்து அகற்றுகிறது. வடிவத்தைத் தேடுபவன் முகத்தைத் தவறவிடுகிறான்.

மார்ட்டியின் குறைபாடு இதற்கு மறுதலை. அவன் கண்முன் இருப்பதையும் காண்பதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அவனுடைய மகள்களின் அறையில், ஆடையற்ற பெண்பொம்மையைச் சுற்றி ஆண்பொம்மைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. மார்ட்டி ஒருகணம் பார்த்துவிட்டு அகல்கிறான். அடுத்த அத்தியாயத்தில் மூத்தமகள் ஆட்ரி பள்ளியில் வரைந்த தகாத ஓவியங்கள் பற்றி ஆசிரியர்கள் தெரிவிக்கின்றனர். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தொடர் கூறுவதே இல்லை. சில ஆய்வாளர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இது கதைப்பின்னலில் விடுபட்ட இழையாகத் தோன்றியது. எனினும், தந்தை வினவாத வினாவிற்குக் கதை விடை தரவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். மார்ட்டியின் பார்வையில் சொல்லப்படும் குடும்பக்கதையில், மார்ட்டி காணாதது பார்வையாளருக்கும் கிடைப்பதில்லை.

இக்காணாமை அறியாமை மட்டுமன்று, நலன் சார்ந்தது. 1995இல் பரத்தையர் குடியிருப்பொன்றில் வயது நிரம்பாப் பெண்ணொருத்தியைக் காணும் மார்ட்டி சினங்கொண்டு, அவள் அங்கிருந்து விலகுமாறு பணம் கொடுக்கிறான். 2002இல் வளர்ந்துவிட்ட அதே பெண்ணோடு அவன் தகாத உறவு கொள்கிறான். காப்பாற்றும் செயலும் பயன்படுத்திக்கொள்ளும் செயலும் ஒரே கையால் நிகழ்கின்றன. டட்டில் குடும்பத்தின் பள்ளிகளும் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும் பெயரில் நடத்தப்பட்டவையே. நிறுவனத்தின் இரட்டைத்தன்மை புலனாய்வாளனின் வாழ்வில் சிறுவடிவில் மீள்கிறது. விடை தன் காலடியிலேயே கிடந்தும் தான் வேறெங்கோ பார்த்திருந்ததாக மார்ட்டி 2012 விசாரணையில் ஒப்புக்கொள்கிறான். அவன் அங்குப் பேசுவது குடும்பத்தைப் பற்றி; ஆயினும் அக்கூற்று வழக்கிற்கும் அவ்வாறே பொருந்துகிறது.

6. சாட்சியம்: மூன்றாம் கதை

தொதோரோவ் வகுத்த இருகதை அமைப்போடு இத்தொடர் மூன்றாவது கதையையும் சேர்க்கிறது. அது விசாரணையைப் பற்றிய விசாரணையின் கதை. புலனாய்வாளர்கள் மேசையின் மறுபுறத்தில் அமர்கின்றனர். 1995 வழக்குக் கோப்புகள் 2005ஆம் ஆண்டின் ரீட்டா புயலில் அழிந்ததால் நினைவிலிருந்து கூறுமாறு கேட்பதாகவே கில்பௌவும் பப்பானியாவும் தொடங்குகின்றனர். உண்மையில் அவர்கள் ஐயுறுவது ரஸ்டையே. ஆவணம் அழிந்த இடத்தில் வாய்மொழிச் சாட்சியம் நிற்கிறது, சாட்சியமளிப்பவனோ ஐயத்திற்குரியவன்.

ஐந்தாம் அத்தியாயம் இவ்வமைப்பின் உச்சம். ரெஜி லெடூ கொல்லப்பட்ட நிகழ்வை இருவரும் தனித்தனி அறையில் விவரிக்கின்றனர். கடும் துப்பாக்கிச்சூட்டுக்கு இடையே தாம் முன்னேறியதாக இருவர் குரலும் ஒத்துச்சொல்கின்றன. அதேவேளை திரையில் காட்டப்படுவது வேறு. எதிர்த்துச் சுடுபவர் எவருமில்லை. விலங்கிடப்பட்டு மண்டியிட்ட லெடூவை, அடைத்துவைக்கப்பட்ட குழந்தைகளைக் கண்ட வெறியில் மார்ட்டி சுட்டுக்கொல்கிறான். அதன்பின் ரஸ்ட் துப்பாக்கியால் வெற்றிடத்தில் சுட்டு, மோதல் நடந்ததற்கான தடயங்களை உருவாக்குகிறான். குரல் பொய் சொல்ல, காட்சி மெய் சொல்கிறது. காட்சிமொழியும் சொல்மொழியும் பிரியும் இவ்விடத்தில் பார்வையாளரே ஒரே சாட்சி ஆகின்றனர்.

இப்பொய்யின் விளைவு கருதத்தக்கது. இருவரும் பாராட்டுப் பெறுகின்றனர், வழக்கு மூடப்படுகிறது. விசாரணைக்கு உட்பட வேண்டியவன் இறந்துவிட்டதால், அவனோடு தொடர்புடையோர் யார் என்னும் வினா 2002 வரை எழவில்லை. எரால் மேலும் 17 ஆண்டுகள் தடையின்றி உலவுகிறான். குழந்தைகளைக் கண்டு எழுந்த சினம் அறம் சார்ந்ததாயினும், அச்சினத்தால் விளைந்த கொலையும் அதனை மறைத்த பொய்யும் வேறு குழந்தைகளுக்கான நீதியைத் தடுத்தன. ஷெரீப் சில்ட்ரெஸ் ஒரு புகாரைப் பொய்க்குறிப்பால் மூடினார். மார்ட்டியும் ரஸ்டும் ஒரு வழக்கைப் பொய்ச்சாட்சியத்தால் மூடினர். நோக்கம் வேறுபட்டாலும் செயலின் வடிவம் ஒன்றே. புலனாய்வாளனைக் குற்றத்திலிருந்து பிரித்த தொன்மைத் துப்பறிபுனைவின் எல்லைக்கோடு இங்கு அழிகிறது.

7. நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுக்கிறது. கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின்மேல் அமைகின்றன. அகப்பாடல்களுக்கு வகுக்கப்பட்ட இக்கோட்பாட்டை அயல்நாட்டுக் காட்சிப்புனைவுக்கு முழுமையாகப் பொருத்துவது இயலாது. எனினும் நிலம் கதையின் பின்னணி அன்று, அதன் முதல் என்னும் அடிப்படைக் கருத்து இத்தொடரை விளக்கப் பெரிதும் துணைபுரிகிறது.

தொடரின் நிலம் தென்லூசியானாவின் சதுப்புக் கடற்கரை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணக்கின்படி, 1932 முதல் 2016 வரை அம்மாநிலக் கடற்கரையில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் நீருள் மறைந்துள்ளது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் பேட்டன் ரூஜ் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை வேதியியல் ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் செறிந்துள்ளன. அப்பகுதிக்குப் ‘புற்றுநோய்ப் பாதை’ என்னும் பெயர் வழங்குகிறது. தொடரின் பல காட்சிகளில் கரும்பு வயலுக்கும் தேவாலயத்திற்கும் அப்பால் ஆலைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. முகப்புக் காட்சித்தொகுதியில் மாந்தரின் முகங்களுக்குள்ளேயே ஆலைகளும் நெடுஞ்சாலைகளும் பதிக்கப்பட்டுள்ளன.

நிலம் மறைவதும் ஆவணம் மறைவதும் இத்தொடரில் இணைகோடுகள். புயல்கள் பள்ளிகளை மூடுகின்றன, குடும்பங்களைச் சிதறடிக்கின்றன, கோப்புகளை அழிக்கின்றன. காணாமற்போன குழந்தைகளைத் தேட எவருமில்லாத நிலை இதனால் உருவாகிறது. கொலையாளி பயன்படுத்திக்கொள்வது மாய ஆற்றலை அன்று, நிலத்தின் இச்சிதைவையே.

கருப்பொருளாகக் கொள்ளத்தக்க வழக்கங்களுள் ஒன்று ‘கூரிய டு மார்டி கிரா’. தென்லூசியானாவின் சிற்றூர்களில், தவக்காலத்திற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையன்று முகமூடியும் கூம்புத் தொப்பியும் அணிந்தோர் குதிரையேறி வீடுவீடாகச் சென்று, பொதுவிருந்திற்கான பொருள்களை இரந்துபெறுவர். இது மகிழ்ச்சியான ஊர்வழக்கம். டோரா லாங்கேயின் தாய் வீட்டில், சிறுமியான டோராவைச் சூழ்ந்து முகமூடி அணிந்த குதிரைவீரர்கள் நிற்கும் ஒளிப்படம் ஒன்று காட்டப்படுகிறது. உண்மையான நாட்டார் வழக்கத்தைக் கொலைச்சடங்கின் சாயலோடு இணைப்பதால், தொடர் எதை எதிர்க்கிறதோ அதற்கே ஓரளவு இரையாகிறது. ஊர்ப்புறத்து மக்களின் சடங்கை அச்சமூட்டும் ஒன்றாகக் காட்டும் பழைய கதைமரபிலிருந்து அது முழுமையாக விடுபடவில்லை.

8. தொடரின் வரம்புகள்

இத்தொடரின்மேல் எழுந்த கடுமையான திறனாய்வு பெண்பாத்திரங்களைப் பற்றியது. 2014இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய எமிலி நஸ்பாம், ஆண்களின் தத்துவப் பேச்சுக்கு முன்னால் பெண்கள் மெலிந்த உருவங்களாகவே நிற்கின்றனர் எனச் சுட்டினார். இக்கருத்தைப் புறந்தள்ள இயலாது. டோரா லாங்கே கதையில் உடலாகவே அறிமுகமாகிறாள். அவள் குறிப்பேடு துப்பாகப் படிக்கப்படுகிறதே அன்றி, ஒரு பெண்ணின் வாழ்வாகப் படிக்கப்படவில்லை. பெண்களைக் காணாத ஆண்களைப் பற்றிய கதை என்று இதற்கு அமைதி கூறலாம். ஆனால் காணாமையைச் சித்திரிப்பதற்கும் காணாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு தொடரில் எங்கும் தெளிவாகப் பேணப்படவில்லை. மார்ட்டியின் மனைவி மேகி மட்டுமே, தன் கணவன் மறைப்பதைத் தெளிவாகக் காண்பவளாகவும் விசாரணை அறையில் தன் நிலையைக் காத்துக்கொள்பவளாகவும் அமைகிறாள்.

இவ்வினாவிற்குப் புனைவுக்கு வெளியேயும் எடை உண்டு. தென்லூசியானாவின் ஜெஃபர்சன் டேவிஸ் பாரிஷில் 2005 முதல் 2009 வரை எட்டுப் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் வறுமையிலும் போதைப்பழக்கத்திலும் சிக்கியிருந்தவர்கள். அங்கு மான்கொம்பு முடிகளோ சுருள் குறிகளோ இல்லை. சடங்குக் கொலை பற்றிய கதைகளுக்குக் கிடைக்கும் கவனம், சடங்கற்ற இறப்புகளுக்குக் கிடைப்பதில்லை. விளிம்புநிலைப் பெண்ணின் இறப்பு பொருட்படுத்தப்படுவதற்கு ஒரு விந்தைக் குறி தேவைப்படுகிறது என்னும் நிலை, இவ்வகைப் புனைவு முழுவதையும் நோக்கி எழும் அறவினா ஆகும்.

9. முடிவுரை

இறுதி அத்தியாயத்தில் எரால் கொல்லப்படுகிறான். ஆனால் டட்டில் குடும்பத்திற்குத் தொடர்பில்லை எனத் தொலைக்காட்சிச் செய்தி அறிவிக்கிறது. அனைவரையும் பிடிக்கவில்லை என ரஸ்ட் வருந்த, தம்மால் இயன்றதைச் செய்தோம் என மார்ட்டி ஆற்றுகிறான். கொலையாளி வீழ்ந்தும் குற்றத்தின் அமைப்பு வீழவில்லை. ‘செவன்’ திரைப்படத்தில் சடங்கு நிறைவெய்துகிறது. இங்கு நீதி நிறைவெய்தாமல் நிற்கிறது. மருத்துவமனை வாயிலில் இரு நண்பர்களும் விண்மீன்களைப் பார்த்துப் பேசும் முடிவில் ரஸ்டின் அவநம்பிக்கை சற்றே தளர்கிறது. அத்தளர்ச்சி மகளின் அன்பை உணர்ந்ததால் விளைந்தது. வழக்கின் வெற்றியால் விளைந்ததன்று.

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன:

• ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதற்பருவத்தில் சடங்கு, வாசித்து விடைகாணத்தக்க பனுவலாக அமையவில்லை. பார்வையைத் திசைதிருப்பும் திரையாக அமைகிறது. கொலையாளியைக் காட்டுவது அன்றாட உழைப்பின் தடயமே.

• சாத்தானியப் பீதியின் வரலாற்றுப் பின்புலம், சடங்குக் குற்றத்தை வெளியாரிடம் தேடும் மனப்போக்கை அதிகாரம் எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதைப் புலப்படுத்துகிறது.

• புலனாய்வாளர்களின் குறைகள் பாத்திரத்திற்குச் சேர்க்கப்பட்ட அணிகள் அல்ல. ரஸ்டின் மிகைக்காட்சியும் மார்ட்டியின் காணாமையும் வழக்கின் தோல்விக்கு நேரடிக் காரணங்கள்.

• குற்றத்தின் கதை, விசாரணையின் கதை ஆகியவற்றோடு சாட்சியத்தின் கதை மூன்றாவதாக இணைவதால், புலனாய்வாளனும் விசாரணைக்கு உட்படுகிறான். வழக்கை மூடிய பொய்யில் ஷெரீப்பும் புலனாய்வாளரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

• நாட்டார் வழக்கங்களையும் பெண்களையும் சித்திரிக்கும் முறையில், தான் திறனாய்வு செய்யும் பார்வைக் குறைபாட்டிலிருந்து தொடரும் முழுமையாக விடுபடவில்லை.

சடங்குக் கொலையை மையமிட்ட புனைவுகளை மதிப்பிடும்போது, சடங்கு எதைக் குறிக்கிறது என்னும் வினாவோடு, அது எதனைப் பார்க்கவிடாமல் செய்கிறது என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். இரண்டாம் வினாவே அப்புனைவின் அறநிலையைக் காட்டும்.